கதவில்லாத அறையிலிருந்து வந்தவர்கள்

முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, மகள் அமலியை இடுப்பில் வைத்து ரசம்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன், எங்கள் கதவுக்கு நேர் வெளியே, மூன்றாம் மாடி நடையில், தகரத்தின் மேலும் இலைகளின் மேலும் எதுவோ விழுந்து விழுந்து ஓடுகிற சத்தம், ஆனால் எங்கள் குடியிருப்பில் தகரமும் கிடையாது, இலையும் கிடையாது, தண்ணீர் என்றால் லாரியில் வந்தால்தான் உண்டு. கதவைத் திறந்து பார்த்தேன். நடையின் கூரைக்குக் கீழே, டியூப் லைட்டுக்கும் தரைக்கும் நடுவில், மழை பெய்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு பர்வீன் அக்காவும் கதவைத் திறந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா ஜெனி, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறே? பக்கெட்டை எடு!"

அவ்வளவுதான். நாவலூருக்குப் பின்னால், ஏரியைத் தூர்த்துக் கட்டிய இந்த இடத்தில், வருகிற தண்ணீரை எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நான்காம் மாடிக்காரிகள் குடத்தோடு இறங்கி வந்தார்கள், இரண்டாம் மாடிக்காரிகள் டிரம்மை இழுத்துக்கொண்டு ஏறி வந்தார்கள், உங்க மழையா எங்க மழையா என்று ஒரு சண்டை வந்து அதுவும் நனைந்து அடங்கியது, பிள்ளைகள் குளித்தார்கள், வாட்ச்மேன் துரைக்கண்ணு அண்ணன் மேலே வந்து பார்த்துவிட்டு, "மோட்டாரை நிறுத்திடறேன், கரெண்டு மிச்சம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆபீஸ் முடிந்து வந்த என் புருஷன் மெல்வின் மட்டும் படிக்கட்டின் மேல்படியில் அப்படியே நின்றார். பையோடு நனைந்தபடி நின்று, கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க மழை, ஜெனி," என்றார். "இன்னைக்குத்தான் இதை வெளிய எடுத்தோம்."

எங்கள் குடியிருப்பு முழுக்க ஒரே கம்பெனியின் ஆட்கள். வீடியோ கேம் செய்கிற கம்பெனி. வேளச்சேரியில் ஒரு டயர் கடையின் மாடியில் பத்துப் பேர் உட்கார்ந்து, மத்தியானம் ஒரே பொட்டலத்துச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டு, ஓர் ஆற்றங்கரை ஊரைச் செய்தார்கள். அந்த ஊரில் காரணமே இல்லாமல் மழை பெய்யும், ஆடுகிறவன் எந்த வேலையும் செய்யாமல் மரத்தடியில் ஒதுங்கி நிற்கலாம், அப்படி நின்றவர்கள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ அழுதுகொண்டே இவர்களுக்கு எழுதினார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று இவர்களை வாங்கியது, கண்ணாடிக் கட்டிடம் கொடுத்தது, நூற்றுக்கணக்கில் ஆட்களைக் கொடுத்தது, அதே ஊரை இன்னும் பெரிதாக, இன்னும் அழகாகச் செய்யுங்கள் என்று பணத்தைக் கொட்டியது. கூடவே கட்டிடத்துக்குப் பின்னால் இந்தக் குடியிருப்பையும் கொடுத்தது, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நடந்து வந்துவிடலாம் என்று. வீட்டுக் கதவுகள் கம்பெனி அட்டையைக் காட்டினால் வெளியிலிருந்தே திறக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

குடிவந்த அன்றே எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாளும் திருகாணிகளும் வாங்கி வந்தேன்.

"இப்ப விட்டுடு ஜெனி," என்றார் மெல்வின், கனிவாகத்தான் சொன்னார், "அப்புறம் சரி பண்ணிக்கலாம்." தாழ்ப்பாள் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தோறும் ஆபீசில் கூட்டம் நடக்கும். வெளிநாட்டுக் கம்பெனியின் பெரியவர்கள் திரையில் வருவார்கள், ஒவ்வொன்றையும் காட்டச் சொல்வார்கள், ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்கள்: இது எதுக்கு இங்கே? மழையைப் பார்த்துக் கேட்டார்கள். மழையில் நிற்கிறவன் எதையும் வாங்குவதில்லை என்று ஒருவர் சொன்னார், இவ்வளவு பணம் போட்டிருக்கும்போது யாரையும் சும்மா நிற்க விட முடியாது என்று இன்னொருவர் சொன்னார், யாருக்கும் மழை மேல் கோபமில்லை, மழை நன்றாக இருப்பதாகவே எல்லாரும் சொன்னார்கள், ஆனால் நாளைக்கு நஷ்டம் வந்தால் மழைக்குக் கை தூக்கியது யார் என்று கேட்பார்களே என்று ஒவ்வொருவருக்கும் பயம், அதனால் ஒருவரும் கை தூக்கவில்லை.

"முன்னாடி எங்க பத்துப் பேர்ல ஒருத்தனுக்குப் பிடிச்சாப் போதும், உள்ள வந்துடும்," என்றார் மெல்வின், தலையைத் துவட்டியபடி. "இப்ப ஒருத்தருக்கும் பயம் வராம இருந்தாத்தான் உள்ள வரும்."

"எடுத்ததை என்ன பண்ணுவீங்க? அழிச்சிடுவீங்களா?"

"அழிக்க மாட்டோம். அவசரத்துல ஒண்ணு மேல ஒண்ணு கட்டினது, எதை உருவினா எது சரியும்னு யாருக்கும் தெரியாது. ஊருக்கு அடியில ஒரு ரூம் கட்டி வச்சிருக்கோம். அதுக்குள்ள தள்ளி மூடிடுவோம். ரூமுக்குக் கதவு கிடையாது."

"உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டாதாங்க?"

"ஜெனி, அது வெறும் படம்," என்றார். அவர் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் இருட்டினதும் யாராவது வந்தார்கள். ஓடக்காரர் வந்தார், படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, துடுப்பை வாசலில் ஊன்றி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைக் கேட்டார்: "அக்கரைக்குப் போகணுமா?" அவருடைய ஓடத்தில் ஏறினால் ஆற்றைக் கடக்க நேரமாகும், கடந்தபடியே வானத்தைப் பார்க்கலாம், அதனால் அவரை எடுத்துவிட்டு அழுத்தினால் அக்கரை போகிற பொத்தான் ஒன்றை வைத்து, அந்தப் பொத்தானுக்குக் காசும் வைத்தார்கள். கூப்பிடாமலே கூட வந்து, எதையும் கண்டுபிடித்துத் தராத ஒரு செவலை நாய் வந்தது. பொய் மட்டுமே சொல்லும் டீக்கடைக்காரர் வந்தார். பழத்தைத் தின்றால் நாக்கு நீலமாவது தவிர வேறொன்றும் ஆகாத நாவல் மரம் ஒன்று வேரோடு நடந்து வந்து ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டது.

நாங்கள் பழகிக்கொண்டோம். குடியிருப்போர் சங்கம் கூடி, மழை நோட்டீஸ் போர்டு வரைக்கும் வரக் கூடாது என்றும், படகுக்கும் பார்க்கிங் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்றும் முடிவு செய்தது. ஓடக்காரர் அக்கரைக்குப் போகணுமா என்று கேட்டால், "ஆமாண்ணே, அப்படியே அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க" என்று பெண்கள் சொல்ல, அவர் நிஜமாகவே யோசிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். டீக்கடைக்காரர் துரைக்கண்ணு அண்ணனிடம், "உனக்கு அடுத்த மாசம் சம்பளம் ஏத்தறாங்க" என்றார். "பொய்யின்னு தெரிஞ்சாலும் காதுக்கு நல்லாத்தான்யா இருக்கு, இன்னொரு தடவ சொல்லு" என்றார் அண்ணன். நாய் பர்வீன் அக்காவின் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது, எதுவும் சாப்பிடாது, ஆனாலும் மூன்று வேளையும் அதற்குத் தட்டு வைத்தார் அக்கா.

இவர்கள் வர வர, அங்கே கேமில் ஊர் பெரிதாகிக்கொண்டே போனது. மெல்வின் ஒருநாள் லேப்டாப்பில் காட்டினார். நாள் முழுக்க நடந்தாலும் முடியாத தெருக்கள், ஒவ்வொரு செங்கல்லிலும் பாசி தெரிகிறது, ஒவ்வொரு ஜன்னலிலும் வெயில் அடிக்கிறது, பேச ஓர் ஆள் இல்லை, சந்துக்குச் சந்து கடை மட்டும் இருக்கிறது. அந்தத் தெருக்களைப் பார்த்ததும் அமலி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டு ஆண்களும் அப்படித்தான் ஆனார்கள். வருவார்கள், சாப்பிடுவார்கள், கூப்பிட்டால் போவார்கள், ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் மிச்சமிருந்தது. பர்வீன் அக்காவின் வீட்டுக்காரர் "பாக்கலாம்" என்பார். மெல்வின், அமலிக்குக் காய்ச்சல் என்றாலும், என் அம்மா தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும் என்றாலும், கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும், "இப்ப விட்டுடு, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்பார். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் எமரன்ஷியா, கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லாத பிள்ளையை நிற்க வைப்பார், "பாதி வாக்கியம் சொல்றவ பாதி மனசோட நிக்கிறா" என்பார். என் புருஷன் சொன்னது முழு வாக்கியம்தான், ஆனால் அது அவருடையதில்லை, ஆபீசில் எல்லாரும் சொல்வது, ஓட்டையோடு விற்றுவிடு, அடைப்பதைப் பிறகு அனுப்பலாம் என்று அங்கே எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தார்கள், செய்து செய்து, உலகத்தில் எந்த ஓட்டையையும் பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்று நம்பியே போனார்கள்.

கடைசியாக வந்தது சிறுமி.

கதவைத் தட்டவில்லை, வாசலில் நின்றிருந்தாள், அமலியின் உயரம், அமலியின் சுருட்டை முடி, நடந்து உள்ளே வந்தபோது அமலியைப் போலவே வலது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பியது. நான் மெல்வினைப் பார்த்தேன்.

"நேரமே கொடுக்கல, ஜெனி," என்றார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "நடக்கற குழந்தை ஒண்ணை ஒரு வாரத்துல செய்யச் சொன்னாங்க. நான் நம்ம அமலியை எடுத்து அப்படியே வச்சுட்டேன். அவ நடை, சிரிப்பு, கையில ஊசி போட்ட தழும்பு, எல்லாம்."

கேமில் அவளுக்கு ஒரே வேலைதான், ஆடுகிறவனின் விரலைப் பிடித்துக்கொண்டு கூட நடப்பது. "கையைப் பிடிச்சுக்கோ" என்பாள், வேறு பேச்சில்லை. அவள் கூட வந்தால் யாரும் ஓடுவதில்லை, அவள் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள், குறைத்தால் கடைகள் வரை போய்ச் சேருவதில்லை. அதனால் எடுத்துவிட்டார்கள். அமலிக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இன்னொண்ணு!" என்று கத்தினாள். அதுவே அவள் பெயரானது. இன்னொண்ணும் அமலியும் ஒரே தலையணையில் படுத்தார்கள், ஒரே பாவாடைக்குச் சண்டை போட்டார்கள், அமலி நாள் பூராவும் "கையைப் பிடிச்சுக்கோ, கையைப் பிடிச்சுக்கோ" என்று அவளைப் போலவே சொல்லித் திரிந்தாள், இன்னொண்ணு ஒருநாள் அடுப்படியில் வந்து என் புடவையைப் பிடித்து, மெதுவாக, சொல்லிப் பார்ப்பது மாதிரி, "அம்மா" என்றாள். நான் குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டு நின்றேன். எனக்கு மட்டும் எது எது என்று தெரியும். அமலியின் உச்சந்தலையில் பாலும் வேர்வையும் கலந்த ஒரு வாசம் இருக்கும், இன்னொண்ணுக்கு வாசமே கிடையாது. ஆனால் ஒரே தலையணையில் படுத்துப் படுத்து, அவள் உச்சியிலும் அந்த வாசம் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது.

கேம் விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் மழையையும் ஓடக்காரரையும் சிறுமியையும்தான் காட்டியிருந்தார்கள். வாங்கியவர்கள் தேடினார்கள், தேடித் தேடிக் காலித் தெருக்களில் நடந்தார்கள், அப்புறம் திட்டினார்கள், எங்கள் பிள்ளைகளின் காதில் விழக் கூடாத வார்த்தைகளால் எங்கள் வீட்டு ஆண்களைத் திட்டினார்கள், பெரியவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாதே. பெரியவர்கள் வெள்ளிக்கிழமை கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தனி விலைக்கு விற்கலாம். கதவில்லாத அறையை உடைத்துப் பார்த்தார்கள். அறை காலியாக இருந்தது. புதிதாகச் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை, செய்யத் தெரிந்தவர்களில் பாதிப் பேரை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மேனேஜர் விக்னராஜ் நல்ல மாதிரி, பிறந்தநாளுக்கெல்லாம் கேக் அனுப்புவார். அவர்தான் வேனோடு வந்தார். மழையைத் தண்ணீர் லாரியின் குழாயை உயர்த்திப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள், அது சத்தமே போடாமல் ஏறிக்கொண்டது. நாவல் மரம் தானாகவே நடந்து போனது. டீக்கடைக்காரர் வேனில் ஏறும்போது துரைக்கண்ணு அண்ணனைப் பார்த்து, "நாளைக்கு வந்துடுவேன்" என்றார், அண்ணன் கேட்டுக்கு வெளியே போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஓடக்காரர் ஒவ்வொரு மாடியையும் அண்ணாந்து பார்த்து, "அக்கரைக்குப் போகணுமா? அக்கரைக்குப் போகணுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பால் வாங்கி வரச் சொன்னவர்கள் ஒருவரும் வெளியே வரவில்லை.

பர்வீன் அக்கா நாயின் கழுத்தில் தானே கயிற்றைக் கட்டிக் கொடுத்தார். பிறகு என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வீடு அவங்களுது, பசங்க படிப்பு அவங்களுது, நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றார். "நீயும் அதைக் குடுத்துடு ஜெனி. நம்ம வயித்துல பொறந்ததா?"

"அக்கா, நாய்க்கு வச்ச தட்டைக் கழுவிட்டீங்களா?"

அக்கா முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

விக்னராஜ் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மெல்வின் அவர் பின்னால், தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றார். பிள்ளைகள் இரண்டும் ஒரே மாதிரி பாவாடையில், கை கோத்தபடி, அவரைப் பார்த்தார்கள்.

"அட, அச்சு அசல்! மெல்வின், கலக்கிட்ட போ," என்றார் அவர், குனிந்து. "பாப்பா, இங்க வா. உன் பேரென்ன?"

"கையைப் பிடிச்சுக்கோ," என்றாள் அமலி.

"ஓ, இதுதான் நம்மளுது." இன்னொண்ணின் பக்கம் திரும்பினார். "அப்ப நீ?"

"அம்மா," என்றாள் இன்னொண்ணு, என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

அவர் கை அமலியின் தோளை நோக்கிப் போயிற்று. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, அந்தக் கை நின்றது. நான் மெல்வினைப் பார்த்தேன். அவர் அமலியைப் பார்த்தார், இன்னொண்ணைப் பார்த்தார், மறுபடி அமலியைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. செய்தவருக்கே, பெற்றவருக்கே, எது எது என்று தெரியவில்லை.

"சரி சரி, டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர்," என்றார் விக்னராஜ். "தாய்க்குத் தெரியாதா? நீங்களே காட்டிடுங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் ஆபீசுக்கு அனுப்புங்க, மெஷின்ல ஏத்திப் பாத்தா எது ஓடுதுன்னு தெரிஞ்சிடும். ஒண்ணை உங்ககிட்ட திருப்பிக் கொடுத்துடறோம்."

"தப்பானதைத் திருப்பிக் கொடுத்தா?"

அவர் சிரித்தார். மெல்வின்தான் பதில் சொன்னார், கனிவாகத்தான் சொன்னார்.

"இப்ப அனுப்பிடு ஜெனி. அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

சொல்லிவிடுகிறேன், நான் விரலைத் தூக்கினேன். எனக்குத்தான் தெரியுமே, வாசம் இல்லாத பக்கம் ஒரு விரலைக் காட்டினால் போதும், வேன் போய்விடும், என் பிள்ளை எனக்கு, இந்த வீடு எனக்கு. தூக்கின விரலை ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டது. எந்தக் கை என்று நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால், இது எதுக்கு இங்கே என்று கேட்கிற அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது, ஒருமுறை கதவில்லாத அறைக்குள் கிடந்து, அங்கிருந்து எப்படியோ வந்து, உலகத்தில் இத்தனை வாசல் இருக்க என் வாசலில் நின்ற பிள்ளையை மறுபடி அதற்குள் தள்ளிய விரலால் எந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவேன்?

"துணி மாத்திக் கூட்டிட்டு வரேன்," என்றேன். "கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவர்கள் நாகரிகமானவர்கள். நின்றார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இழுப்பறையைத் திறந்து கரண்டிகளுக்கு அடியிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தேன். ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கவில்லை, வெங்காயம் வெட்டும் கத்தியின் முனையைத் திருகாணியில் வைத்துத் திருகினேன், மரம் புதிது, கெட்டி, உள்ளங்கை கிழிந்தது, அருள் நிறைந்த மரியே என்று ஒரு திருகு, சர்வேசுரனுடைய மாதாவே என்று ஒரு திருகு, பாதியில் ஜெபம் மறந்து போய் வெறும் மூச்சில் ஒரு திருகு. பிள்ளைகள் இரண்டும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள், விளையாட்டு என்று நினைத்து.

"ஜெனி, நேரமாவுது," என்றார் வெளியே மெல்வின்.

"சிஸ்டர், சும்மா ஒரு நாள்தான்," என்றார் விக்னராஜ்.

எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பர்வீன் அக்காவின் குரல், "என்ன சார், ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க, எவ்வளவு நேரம் நிப்பீங்க" என்று, டீக்கடைக்காரரைப் போல இனிமையாக, பொய்யாக, இழுத்து இழுத்துப் பேசியது. அக்கா எனக்கு நேரம் வாங்கித் தருகிறார் என்று புரிந்ததும் கத்தியை இன்னும் அழுத்தித் திருகினேன்.

தாழ்ப்பாளை வைத்து முடித்து, நிலையில் அது நுழைய வேண்டிய வளையத்தின் கடைசித் திருகாணியையும் இறுக்கினேன். கதவுக்கு மறுபக்கம், என் முகத்துக்கு நேராக, என் புருஷனின் மூச்சு கேட்டது. கல்யாணமானதிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"மெல்வின்," என்றேன். "ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. உங்களோடது. எதுவா இருந்தாலும் பரவாயில்ல, திட்டினாலும் சரி. மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூடப் போதும். நான் திறக்கறேன்."

அவர் வாய் திறக்கிற சத்தம் கேட்டது, தேடுகிற சத்தம், பெரிய காலித் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறவனைப் போல. நான் காத்திருந்தேன். டயர் கடை மாடியில் மழையைச் செய்தவர்தானே, ஒரு வாக்கியம் கிடைக்காதா என்று காத்திருந்தேன். அமலி கதவில் காதை வைத்து, "அப்பா?" என்றாள்.

"இப்ப," என்றார் மெல்வின். நிறுத்தினார். அவர் நெற்றி கதவில் வந்து மோதியது. "இப்ப திறந்துடு ஜெனி. அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

பிறகு அட்டை பூட்டில் பட்டது. டிக் என்று பச்சை விளக்கு எரிந்தது, கைப்பிடி கீழே இறங்கியது, கதவு ஒரு நூல் அளவு உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கைகள் என் புடவையைப் பிடித்திருந்தன, இரண்டு உச்சந்தலையிலிருந்தும் ஒரே வாசம் எழுந்தது. தோளைக் கொடுத்துக் கதவை நிலையோடு அழுத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினேன். முதலில் முரண்டியது, அப்புறம் போய் வளையத்தில் விழுந்தது.